டி.என்.ஏ.வும் மின்முனையும்: ஒரு துளியில் மரபுச் செய்தி

நம்மவர் வீடுகளில் தவறாமல் காணக்கூடிய அறிவியல் கருவி எது என்று கேட்டால், ரத்தச் சர்க்கரை அளக்கும் சிறு பெட்டி என்று தயங்காமல் சொல்லலாம். சென்னையில் அது 100 என்று காட்டும். அதே அளவை ஆக்லாந்தில் 5.5 என்று காட்டும். அலகுதான் வேறு, வேலை ஒன்றுதான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு துளி ரத்தம், ஐந்து வினாடி, ஓர் எண். அந்த எண் உண்மையில் ஒரு மின்னோட்டத்தின் அளவு.

சர்க்கரையை இப்படி அளக்க முடிகிறதென்றால், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வையும் ஏன் இப்படி அளக்கக் கூடாது? சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பரம்பரை நோய்க்கான மாற்றம் இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல், ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே ஒரு பட்டையில் துளி வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. நான் பொறியியலில் முதுநிலை படித்து, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்; ஆக்லாந்தின் தென்மேற்கில் லின்ஃபீல்ட் என்ற புறநகரில் வசிக்கிறேன். வேதியியல் என் தொழில் அல்ல. ஆனால் இரைச்சலுக்குள்ளிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பது என்ற அளவில் இந்தத் துறை எனக்கு மிக நெருக்கமானதாகப் படுகிறது. நான் படித்து அறிந்ததைத் திண்ணைப் பேச்சின் எளிமையோடு இங்கே தொகுத்துத் தருகிறேன்.

உயிர் உணரி என்பது என்ன?

ஒரு பொருள் எலெக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓர் உலோகத்தின் அல்லது கரியின் பரப்பில் நடக்கும்போது அதை மின்னோட்டமாக அளக்கலாம். அந்தப் பரப்புக்குத்தான் மின்முனை என்று பெயர். மின்முனையின் மேல், குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் அடையாளம் காணும் உயிர்ப்பொருள் ஒன்றை ஒட்டவைத்தால் அது உயிர் உணரி ஆகிறது. அடையாளம் காண்பது உயிர்ப்பொருளின் வேலை. அதை மின்குறியாக மாற்றுவது மின்முனையின் வேலை.

1962ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் நொதியை மின்முனையோடு சேர்த்து குளுக்கோஸை அளக்கும் வழியை வெளியிட்டார்கள். அது வீட்டுக்கு வர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1987ல் பேனா வடிவில் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. நொதிக்கும் மின்முனைக்கும் இடையே எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் தூதுவனாக அதில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தின் வழிப்பொருள் பயன்பட்டது. ஃபெரோசீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

பாதரசத் துளியில் தொடங்கிய கதை

டி.என்.ஏ.வின் மின்வேதியியல் பிறந்தது செக் நாட்டில். 1922ல் ப்ராக் நகரில் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, கண்ணாடி நுண்குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியையே மின்முனையாகக் கொண்டு போலரோகிராஃபி என்ற முறையை உருவாக்கினார். ஒவ்வொரு துளியும் புதிது என்பதால் ஒவ்வொரு முறையும் அப்பழுக்கற்ற பரப்பு கிடைக்கும். இதற்காக அவருக்கு 1959ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே மரபில் வந்த எமில் பாலெச்செக் என்ற இளைஞர், பர்னோ நகரில் 1950களின் இறுதியில் டி.என்.ஏ. கரைசலைப் பாதரச மின்முனையில் வைத்துப் பார்த்தார். டி.என்.ஏ. எலெக்ட்ரான்களை ஏற்றுக் கொடுக்கிறது என்று கண்டார். 1960ல் நேச்சர் இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. டி.என்.ஏ. இரட்டைச் சுருளாக இருக்கும்போது கிடைக்கும் குறியும், சூடாக்கி இரண்டு இழைகளாகப் பிரித்தபின் கிடைக்கும் குறியும் வேறு வேறாக இருந்தன. காரணம் எளிது. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு எழுத்துகளும் இரட்டைச் சுருளில் ஏணிப் படிகளைப் போல உள்ளே மறைந்திருக்கும்; மின்முனையால் அவற்றை எளிதில் தொட முடியாது. ஏணியை நடுவில் பிளந்தால் எழுத்துகள் வெளியே தெரியும். ஆக, டி.என்.ஏ.வின் வடிவம் மாறுவதை மின்சாரம் வழியே காண முடியும் என்று ஆயிற்று. பாலெச்செக் 2018ல் காலமாகும் வரை இத்துறையிலேயே உழைத்தார்.

பாதரசம் நஞ்சு, கருவிக்குள் வைத்து விற்க உதவாது. ஆகவே பின்னாளில் கரியும் தங்கமும் வந்தன. கரி மின்முனையில், நான்கு எழுத்துகளில் குவானின்தான் எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அடுத்தது அடினின். எந்தச் சாயமும் சேர்க்காமல் டி.என்.ஏ. இருக்கிறது என்று சொல்ல அந்தக் குவானின் குறி ஒன்றே போதும்.

தேடும் இழையும் தேடப்படும் இழையும்

ஆனால் டி.என்.ஏ. இருக்கிறது என்று தெரிந்து என்ன பயன்? எந்த உயிரிலும் டி.என்.ஏ. உண்டு. யாருடைய டி.என்.ஏ. என்று தெரிய வேண்டும். இங்கேதான் இயற்கை தந்திருக்கும் ஒரு வசதி கைகொடுக்கிறது. அடினினோடு தைமின், குவானினோடு சைட்டோசின் என்ற இணைப்பு விதியால், ஓர் இழையின் எழுத்து வரிசை தெரிந்தால் அதற்குச் சரியான ஜோடி இழையைச் செயற்கையாகச் செய்துகொள்ளலாம். இருபது முப்பது எழுத்துள்ள அந்த இழையை, கந்தக அணு ஒன்றின் பிடியால் தங்க மின்முனையின் மேல் நட்டுவைக்கிறார்கள். இதுவே தேடும் இழை. மாதிரியில் அதன் ஜோடி இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் இல்லை.

ஒட்டியதை மின்முனைக்கு எப்படித் தெரிவிப்பது? முக்கியமான வழிகள் நான்கு.

முதல் வழி, மேலே சொன்ன குவானின் குறி. தேடும் இழையில் குவானினுக்குப் பதிலாக இனோசின் என்ற மாற்று எழுத்தை வைத்துவிட்டால், பிறகு தெரியும் குவானின் குறி முழுவதும் தேடப்பட்ட இழையினுடையதாகவே இருக்கும்.

இரண்டாவது, இரட்டைச் சுருளை மட்டும் நாடிச் சென்று ஒட்டும் ஒரு மின்துலங்கு மூலக்கூறைச் சேர்ப்பது. 1993ல் கனடாவில் கெல்லி மில்லன், சூசன் மிக்கெல்சன் இருவரும் கோபால்ட் சேர்மம் ஒன்றை இப்படிப் பயன்படுத்தி, குறிப்பிட்ட எழுத்து வரிசையை மட்டும் கண்டறியும் மின்வேதி உணரியை வெளியிட்டார்கள். இன்றைய டி.என்.ஏ. உணரிகளின் தொடக்கம் அதுதான் எனலாம்.

மூன்றாவது, ஓர் இழையில் ஃபெரோசீனையோ நொதியையோ கொடிபோலக் கட்டிவிடுவது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான விளைபொருள் மூலக்கூறுகளை உண்டாக்குவதால் குறி பெருகும்.

நான்காவது, எதையும் கட்டாமல் மின்தடையை அளப்பது. டி.என்.ஏ.வின் முதுகெலும்பு பாஸ்பேட்டால் ஆனது. எழுத்துக்கு ஓர் எதிர்மின்சுமை. ஜோடி இழை வந்து சேர்ந்தால் பரப்பில் எதிர்மின்சுமை கூடும். கரைசலில் உள்ள ஃபெர்ரிசயனைடு அயனிகளும் எதிர்மின்சுமை உள்ளவை. ஆகவே அவை மின்முனையை நெருங்க முடியாமல் விலக்கப்படும். எதிர்ப்பு கூடுவதை அளந்தால் போதும்.

ஓர் எழுத்து மாறினால்

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் 1990களில் வேறொன்றைக் காட்டினார்கள். அடுக்கிவைத்த நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் எழுத்துகளின் வழியே மின்சுமை ஓடுகிறது. நடுவில் ஒரு ஜோடி பொருந்தாவிட்டால் அடுக்கு குலைந்து ஓட்டம் குறைகிறது. இதைக் கொண்டு ஓர் எழுத்துப் பிழையையும் கண்டுபிடிக்கலாம் என்று 1999ல் காட்டினார்கள்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நீலகிரியைக் காட்டலாம். அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் அடினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் தைமின் இருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். அதனால் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் அமர்கிறது, ரத்த அணு ஆக்சிஜன் குறையும்போது அரிவாளாக வளைகிறது, நுண்குழாய்கள் அடைபடுகின்றன, எலும்பு முறிவதைப் போன்ற வலி வருகிறது. இந்தியாவில் இந்த மாற்றம் முதன்முதலில் பதிவானது 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. 1949ல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்த ஹீமோகுளோபினைப் பிரித்துக் காட்டியதும் மின்புலத்தைக் கொண்டுதான். குளுட்டாமிக் அமிலத்துக்கு மின்சுமை உண்டு, வேலினுக்கு இல்லை. எனவே இரண்டு வகை ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்ந்தன.

2023 ஜூலை 1ஆம் நாள் இந்திய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பெரும்பாலோருக்கு டி.என்.ஏ. வரை போக வேண்டியதில்லை. ஹீமோகுளோபினைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் கருவிலேயே அறிய வேண்டுமென்றால் டி.என்.ஏ.வைத்தான் படிக்க வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே ஒரு குடும்பத்தின் முடிவைத் தீர்மானிக்கும் நிலை இருக்கக் கூடாது.

நியூசிலாந்தின் இரண்டு சிற்றூர்கள்

நான் குடியேறிய நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு எனக்கு வியப்பூட்டியது. வடதீவின் தென்கிழக்கில் பொங்கரோவா என்று ஒரு சிற்றூர். டி.என்.ஏ.வின் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்காக வாட்சன், கிரிக் இருவரோடு 1962ல் நோபல் பெற்ற மாரிஸ் வில்கின்ஸ் 1916ல் அங்கே பிறந்தார். அதே வட்டாரத்தில் மாஸ்டர்டன் என்ற ஊரில் 1927ல் பிறந்தவர் ஆலன் மக்டயர்மிட். அவரும் ஹிடெகி ஷிராகவா, ஆலன் ஹீகர் ஆகியோரும் 1977ல் ஒரு பிளாஸ்டிக்கை மின்கடத்தியாக்கினார்கள். அயோடின் ஆவி பட்டதும் பாலிஅசெட்டிலீனின் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 2000ல் மூவருக்கும் நோபல்.

ஒருவர் டி.என்.ஏ., இன்னொருவர் மின்கடத்தும் பிளாஸ்டிக். இரண்டும் சந்தித்தது ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில். 2000களில் அங்கே யட்ராங்கா டிராவஸ்-செய்டிச் குழுவினர், பாலிபிரோல் போன்ற மின்கடத்தும் பாலிமரின் மேல் தேடும் இழைகளைக் கட்டி உணரிகள் செய்தார்கள். ஜோடி இழை வந்து ஒட்டும்போது பாலிமரின் மின்பண்பே மாறுகிறது. கொடி எதுவும் கட்ட வேண்டியதில்லை. பாலிமர் இங்கே மின்முனையாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கிறது.

இத்தகைய கருவிக்கு இங்கே தேவையும் உண்டு. லின்ஃபீல்டுக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடர். அங்கே நிற்கும் கௌரி மரங்களை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் வேரிலிருந்து கொல்கிறது. 2017 டிசம்பரில் அப்பகுதியின் மாவோரி மக்கள் காட்டுக்குள் யாரும் போகக் கூடாதென மரபுத் தடை விதித்தார்கள். 2018ல் நகராட்சியும் காட்டை மூடியது. பின்னர் சில பாதைகள் செப்பனிட்டுத் திறக்கப்பட்டன. மண்ணில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மண்ணை நனைத்து, இலையை இரையாக வைத்து, வளர்வதைக் காத்திருந்து பார்க்கும் பழைய முறைக்கு வாரங்கள் ஆகும். காலணி மண்ணில் ஒட்டிப் பரவும் நோய்க்கு வாரம் என்பது மிக நீண்ட காலம்.

காரைக்குடியின் பெயர்

தமிழ்நாட்டில் மின்வேதியியல் என்றதும் நினைவுக்கு வரவேண்டிய ஊர் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு, மின்கலம், மின்முலாம் என்று தொடங்கிய பணி பின்னாளில் உணரிகள் வரை விரிந்தது. மண்டபத்துக் கடற்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதும், தங்கப் பரப்பில் டி.என்.ஏ. இழை எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதும் அடிப்படையில் ஒரே அறிவியல்தான். உலோகமும் கரைசலும் சந்திக்கும் எல்லையில் எலெக்ட்ரான் என்ன செய்கிறது என்பதே இரண்டுக்கும் கேள்வி.

ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை?

1993க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனாலும் மருந்துக்கடையில் டி.என்.ஏ. பட்டை சர்க்கரைப் பட்டையைப் போல விற்கப்படுவதில்லை. ஏன்? இதற்கு நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், சர்க்கரை அளவு 5.5 என்றால், சுமார் 30 கோடி கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான் தரும். எல்லாம் வினைபுரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிகூலும். மலிவான மின்சுற்றே இதை அளந்துவிடும்.

இனி காசநோயாளியின் சளி. நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும் என்பார்கள். அந்தப் பத்தாயிரமும் நம் மின்முனையைத் தேடி வந்து, ஒவ்வோர் இழையும் தாராளமாக நூறு எலெக்ட்ரான் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும், மொத்த மின்சுமை சர்க்கரை கொடுத்ததில் 600 கோடியில் ஒரு பங்குதான். ஒரு சதுர மில்லிமீட்டர் தங்கப் பரப்பில், மின்னழுத்தத்தைச் சற்று மாற்றினாலே எழும் பின்னணி மின்சுமை இதைவிட லட்சம் மடங்கு பெரியது. திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வதுபோல. போதாக்குறைக்கு சளியிலும் ரத்தத்திலும் உள்ள புரதங்கள் அழையா விருந்தாளிகளாக வந்து பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் முதலில் டி.என்.ஏ.வைப் பெருக்க வேண்டியிருக்கிறது. பி.சி.ஆர். முறையில் முப்பது சுற்று இரட்டித்தால் ஒன்று 107 கோடியாகும். ஆனால் பெருக்கிய பின் ஒளியால் பார்ப்பதும் எளிதாகிவிடுகிறது. கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி இப்படித்தான் இயங்குகிறது. மின்கலத்தில் ஓடும் அந்தச் சிறு பி.சி.ஆர். கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020ல் காசநோய்க்கு ஏற்றது. அது பார்ப்பது ஒளிர்வை, மின்னோட்டத்தை அல்ல. மின்வேதியியலின் உண்மையான போட்டி ஒளியோடுதான் என்பதை இத்துறையின் அன்பர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் வென்ற இடங்கள்

ஆயினும் மின்சாரம் முற்றாகத் தோற்றுவிடவில்லை. கலிஃபோர்னியாவில் பிறந்த இ-சென்சர் என்ற தொழில்நுட்பம், தங்க மின்முனையும் ஃபெரோசீன் கொடியும் கொண்டு நோய்க்கிருமிகளின் டி.என்.ஏ.வைக் கண்டறிகிறது, பெட்டிக்குள்ளேயே பெருக்கலும் நடந்துவிடும். 2000ல் அதை மோட்டோரோலா வாங்கியது. பின் கைமாறி ஜென்மார்க் என்ற நிறுவனமாகி, 2021ல் ரோச் வசம் சென்றது. அன்று சர்க்கரையை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே ஃபெரோசீன், இங்கே மருத்துவமனைக்குள் டி.என்.ஏ.வைப் படிக்கிறது.

இதைவிடப் பெரிய வெற்றி நுண்துளை முறை. ஒரு சவ்வில் புரதத்தால் ஆன நுண்துளை, அதன் வழியே அயனிகளின் மெல்லிய மின்னோட்டம், துளைக்குள் டி.என்.ஏ. இழையை நூல்போலக் கோத்தால் எழுத்துக்கு எழுத்து மின்னோட்டம் மாறும். கையடக்கமான மினியன் கருவி 2014ல் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. அந்த நெளிவு நெளிவான மின்னோட்ட வரைவை எழுத்துகளாக மாற்றுவது முழுக்க மென்பொருளின் வேலை. நரம்பு வலையமைப்பு முறைகள் அதைச் செய்கின்றன. என் தொழில் இந்தத் துறைக்குள் நுழையும் வாசல் அது.

2020 ஆகஸ்டில் ஆக்லாந்து அதன் பயனைக் கண்டது. 102 நாள் சமூகப் பரவல் இல்லாதிருந்தபின், ஆகஸ்ட் 11ல் ஒரே குடும்பத்தில் நால்வருக்குக் கொரோனா என்று அறிவிப்பு வந்தது. வைரஸின் மரபுத்தொகையைப் படித்ததில், பெருகிவந்த தொற்றுகள் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தனிமைப்படுத்தல் விடுதிப் பணியாளர் ஒருவரின் தொற்று அதோடு தொடர்பற்றது என்பதும் தெரிந்தது. யாரைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க இது உதவியது. அதே ஆண்டில் ஆக்லாந்தின் ஆல்பனியில் உள்ள மாஸே பல்கலைக்கழகத்தின் நிக்கி ஃப்ரீட், ஓலின் சிலாண்டர் குழுவினர், ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துள்ள அந்த மரபுத்தொகையை 1,200 எழுத்துத் துண்டுகளாகப் பெருக்கி நுண்துளையில் விரைவாகவும் மலிவாகவும் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். மிட்நைட் என்று பெயர் பெற்ற அந்த முறை பல நாடுகளுக்குச் சென்றது.

யாருக்காக, யாருடையது?

சர்க்கரை அளவு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. மரபுச் செய்தி அப்படியல்ல. அது நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றியும் பேசும். மாவோரி மக்கள் அதைத் தங்கள் வம்சவழியின் பகுதியாக, காக்கவேண்டிய செல்வமாகக் கருதுகிறார்கள். தங்கள் மரபணுத் தரவை யார் வைத்திருப்பது என்பதில் சொல்லுரிமை கேட்கிறார்கள். தரவுத்தளங்களோடு பழகும் எனக்கு அந்தக் கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. நீலகிரியின் இருளரும் பணியரும் அதே கேள்வியைக் கேட்கலாம். பரிசோதிக்க வருகிறவர்கள் பதிலோடு வரவேண்டும்.

அதே நேரம், பரிசோதனை மக்களிடம் போகவேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அதற்குச் சென்னையே முன்னோடி. 1956ல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான வீட்டில் இருந்தபடி மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959ல் காட்டியது. உலகமே தன் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. மருந்து அன்றே வீட்டுக்கு வந்துவிட்டது. நோயைக் கண்டறியும் கருவிதான் இன்னும் வழியில் இருக்கிறது. அது மின்சாரத்தில் வந்தாலும் ஒளியில் வந்தாலும் நோயாளிக்கு ஒன்றுதான். காரைக்குடியிலோ ஆக்லாந்திலோ இதில் உழைக்கும் மாணவர்கள், தங்கள் உணரி எவ்வளவு குறைந்த டி.என்.ஏ.வைக் கண்டது என்பதோடு, எவ்வளவு அழுக்கான சளியில் கண்டது என்றும் எழுதத் தொடங்கினால் அந்த நாள் விரைவில் வரும்.